நான்காம் உணரியின் மௌனம்

பண்டிதருக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று இப்பகுதியை வழக்கமாக வாசிக்கும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயமுண்டு. முப்பது வருடங்களுக்கு மேலாக எழுத்தும் சொல்லும் பொருளுமே என் தொழிலாக இருந்து வந்தன. இரும்பும் பிளாஸ்டிக்கும் மின்கம்பியும் பிறர் தொழில் என்றெண்ணியே காலங் கழித்தேன். அத்தகைய நான், சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டு முற்றத்திலே காரின் பின்புறத்தில் முழந்தாளிட்டு அமர்ந்து ஒரு காரியஞ் செய்ய நேர்ந்தது. செய்தது மிகச் சிறிய காரியம். பம்பரின் கீழ்விளிம்பில் ஓடும் ஒரு பட்டியைக் கழற்றி, அதன் பின்னே விடுபட்டுக் கிடந்த ஒரு கம்பியை மீண்டும் பொருத்தினோம். அவ்வளவுதான். ஆயினும் அதனை ஏன் செய்ய நேர்ந்தது என்பதும், செய்யும்போது எனக்கு எது நினைவுக்கு வந்தது என்பதும், ஆசிரியராயுள்ள பிறருக்கும் பயன்படலாம் எனத் தோன்றியமையால் இதனை எழுதுகின்றேன்.

முற்றத்தில் நடந்தது

எங்கள் கார் ஜப்பானிலே சில காலம் ஓடி, இங்கு வந்தபின் இரண்டு கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்கு வழி திறவாதிருந்த காலத்தில், நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் பழைய வண்டியையே பேணிப் பேணி ஓட்டின. நாங்களும் அவ்வாறே செய்தோம். எங்களுக்கு முன் அதனை வைத்திருந்தவர் அதன் பின் பம்பரில் நான்கு துளைகள் இட்டு, நான்கு சிறிய வட்டமான கருவிகளைப் பொருத்தியிருந்தார். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது ஏதாவது தடை இருந்தால் உள்ளே ஒரு மணி ‘பீப், பீப்’ என ஒலிக்கும். தடை நெருங்க நெருங்க ஒலியும் விரைவுபடும். இக்கருவியைச் ‘சென்சர்’ என்று எல்லோரும் சொல்வர். ‘உணரி’ என்பது அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயர். இனி அப்பெயராலேயே குறிப்பிடுவேன்.

இந்த மணிக்குப் பழகிய பின்னர் என் கழுத்துச் சோம்பிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இறங்கிச் சென்று பார்ப்பேன். பின்பு திரும்பி மாத்திரம் பார்த்தேன். அதன்பின் மணியைக் கேட்பதே போதும் என்றாயிற்று.

அன்று ஒரு திங்கட்கிழமை. இரவு பெய்த மழை விட்டிருந்தது. கல்லூரிக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக ஏறி, காரைப் பின்னோக்கி எடுத்தேன். மணி ஒலிக்கவில்லை. வழி தெளிவாயிருக்கின்றது என்றெண்ணி ஆறேழு அடி சென்றிருப்பேன். இடப்புறப் பின்மூலையில் ‘நறுக்’ கென்று ஓர் ஒலி கேட்டது. இறங்கிப் பார்த்தேன். என் பேத்தியின் மூன்று சில்லுச் சைக்கிள் பம்பருக்கும் படலைத் தூணுக்கும் இடையே நசுங்கிக் கிடந்தது.

பேத்திக்கு நான்கு வயது. அரை நிமிஷத்துக்கு முன்வரை அவள் அந்தச் சைக்கிளின்மேல் இருந்திருக்கின்றாள். பாலைக் குடிக்க வரும்படி அம்மம்மா அழைத்தமையால் இறங்கி உள்ளே ஓடியிருக்கின்றாள். அந்தப் பால் சற்றுத் தாமதித்துக் காய்ந்திருந்தால், அல்லது பிள்ளை ஒருமுறை அடம்பிடித்திருந்தால், என்ற நினைவுக்கு மேலே என் மனம் செல்ல மறுத்தது. படியிலே உட்கார்ந்துவிட்டேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். என் மகள் வெளியே வந்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே சென்றாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை.

கழன்றதா, கெட்டதா?

கராஜ் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான்கு உணரிகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் ஒரு தொகுதியாக மாற்றிவிடுவதே நல்லதென்றும், அடுத்த கிழமை கொண்டுவரலாமென்றும் சொன்னார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று நாளாக என்னோடு அதிகம் பேசாதிருந்த மகள் அப்போது குறுக்கிட்டாள். அவள் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள்.

“முதலில பாப்பம் அப்பா. கழன்று கிடக்குதோ, பழுதாய்ப் போச்சுதோ தெரியாமல் மாத்தக் கூடாது” என்றாள்.

சனிக்கிழமை காலை அவளே என்னை அழைத்தாள். காரை முற்றத்தின் சமதரையில் நிறுத்தினோம். கைப் பிறேக்கை இழுத்து, முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் செங்கல் வைத்து அடைகொடுத்தோம். எஞ்சினை இயக்காமல் திறப்பை மாத்திரம் திருப்பி, பின்செல்லும் கியரைப் போடும்படி எனக்குச் சொன்னாள். அவ்வாறு செய்ததும் பின்விளக்கோடு உணரிகளுக்கும் மின்சாரம் சென்றது. அவள் வண்டிக்கு நேர் பின்னே நில்லாமல் பக்கவாட்டில் குந்தியிருந்து, ஒவ்வோர் உணரியின்மீதும் விரல் நுனியை வைத்தாள். காதையும் அருகே கொண்டுசென்றாள்.

“இதில டிக் டிக் எண்டு ஒரு சின்னத் துடிப்பு இருக்கு. இதிலயும் இருக்கு. இதிலயும் இருக்கு” என்று மூன்றைத் தாண்டி இடப்புற மூலைக்கு வந்தாள். அங்கே சற்று நேரம் விரலை வைத்திருந்தாள். “இது செத்துப்போய்க் கிடக்குது” என்றாள்.

அந்த மூலையே சாரதியின் கண்ணுக்கு மிகத் தூரமானது. நம் நாட்டில் சாரதி வலப்புறத்தில் இருப்பவர் அல்லரோ? சில வண்டிகளில் ஓர் உணரி செயலிழந்தால் அச்செய்தியை வண்டியே எச்சரிக்கையாக அறிவிக்கும். எங்கள் வண்டியிற் பின்னர் பூட்டப்பட்ட இத்தொகுதிக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. மூன்று உணரிகள் பேசிக்கொண்டிருந்தன. நான்காவது பேசவில்லை. மூன்றின் பேச்சைக் கேட்டுப் பழகிய நான், நான்காவதின் மௌனத்தையும் ஒரு விடையாகவே எடுத்துக்கொண்டேன்.

வௌவால் கண்ட வழி

உணரி எவ்வாறு வேலை செய்கின்றது என்று மகளிடம் கேட்டேன். அவள் சொன்னதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்கின்றேன்.

மனிதச் செவி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். இவ்வுணரிகள் 40,000 அதிர்வுக்கு அண்மையான ஒலியை எழுப்புகின்றன. ஆதலால் அவ்வொலி நமக்குக் கேளாது. எழுந்த ஒலி தடையிற் பட்டு எதிரொலியாகத் திரும்பும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். தடை ஒரு மீற்றர் தூரத்தில் இருந்தால், போய்த் திரும்பும் வழி இரண்டு மீற்றர். அதற்கு எடுக்கும் நேரம் ஒரு வினாடியை ஆயிரங் கூறாக்கினால் ஆறு கூறுக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கின்றது பெட்டியிலுள்ள சுற்று. ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே வில்லைதான். அழுத்தினால் மின்னைத் தருவதும், மின்னைக் கொடுத்தால் அசைவதுமான பொருள்களின் இயல்பை அது பயன்கொள்கின்றது. அழுத்தத்தால் மின் பிறப்பதை 1880 ஆம் ஆண்டில் பிரான்சிலே ஜாக் கியூரி, பியர் கியூரி என்னுஞ் சகோதரர் கண்டறிந்தனர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டவரான போல் லாஞ்சவன், நீர்மூழ்கிகளைக் கண்டுகொள்ளும் பொருட்டு இதனைக் கடலடியிற் பயன்படுத்த முயன்றார். காரின் பின்புறத்துக்கு இது வந்தது மிகப் பிந்தி. 1982 இல் ஜப்பானின் ரொயோட்டா கொரோனாவிற் பூட்டப்பட்டது தொடக்க காலத்ததாகும்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்பே இதனைச் செய்துகொண்டிருந்தது நம் கோயில் மண்டபத்து வௌவால். 1793 இல் இத்தாலியரான ஸ்பலன்சானி, கண்மறைக்கப்பட்ட வௌவாலும் இருட்டறையிலே தடைகளில் மோதாமற் பறப்பதைக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டளவில் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜூரின், வௌவாலின் காதுகளை அடைத்துப் பார்த்தார். கண் திறந்திருந்தும் அது தடைகளில் மோதி விழுந்தது. அதன் காரணம் அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. 1938 இல் ஹார்வட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரிபின், வௌவால் எழுப்பும் கேளா ஒலியைக் கருவிகொண்டு கண்டறிந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. எதிரொலியால் இடமறியும் இவ்வாற்றலுக்கு 1944 இல் அவரே ஒரு பெயரும் இட்டார்.

ஜூரினின் வௌவாலை நினைத்தபோது எனக்கு ஒரு வேறுபாடு புலப்பட்டது. காதடைத்த வௌவால் தான் செவிடாயிற்று என்பதை மோதுவதற்கு முன்பே உணர்ந்திருக்கக்கூடும். நான் உணரவில்லை. என் வண்டியின் ஒரு காது அடைபட்டிருந்தது. அதனை அமைதி என்று நினைத்தேன்.

பட்டியைக் கழற்றுதல்

திறப்பைக் கழற்றி மனைவியின் கையிற் கொடுத்தோம். இனி வேலை பம்பரின் ஓரப்பட்டியில். இது வண்டியின் வர்ணத்தோடு சேராத, கரிய பிளாஸ்டிக்காலான நீண்ட பட்டி. பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தோன்றினும், உணரிகளின் கம்பிகள் அதன் பின்னாலேயே ஓடுகின்றன.

பட்டியின் இரு முனைகளிலும், சில்லின் மேல்வளைவை அடுத்து, ஒவ்வோர் ஆணி இருந்தது. அவற்றைத் திருப்புளியாற் கழற்றினேன். கீழ்ப்புறத்தில் ஐந்து பிளாஸ்டிக் கிளிப்புகள் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு சிறிய குமிழ் உண்டு. அக்குமிழை மெல்லிய திருப்புளியால் நெம்பி வெளியே எடுத்த பின்னரே கிளிப்பின் கால்கள் சுருங்கி, அது முழுவதும் வெளிவரும். இதனை அறியாமல் முதலாவது கிளிப்பை நான் குறட்டினாற் பிடித்து இழுத்தேன். தலை கையோடு வந்தது. கால் உள்ளே நின்றுவிட்டது.

“கோபத்தோட இழுத்தால் இப்பிடித்தான் அப்பா” என்றாள் மகள். சில நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் சிறு சிரிப்பைக் கண்டேன். கழற்றிய ஆணிகளையும் கிளிப்புகளையும் ஒரு சிரட்டையிற் போட்டு, எத்தனை என்று எண்ணி, பேத்தியிடம் காவல் கொடுத்தோம்.

பட்டியின் மேல்விளிம்பு பம்பருக்குள்ளே கொழுக்கிகளாற் செருகப்பட்டிருந்தது. கராஜில் வேலை செய்யும் அயல்வீட்டுத் தம்பி ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “சேர், கீழே இழுக்காதேங்கோ. மூலையில தொடங்கி, நேரா உங்கட பக்கம் இழுங்கோ. இரும்பை மட்டும் வைச்சு நெம்பாதேங்கோ, வர்ணம் போயிடும்” என்றார். வர்ணம் பூசிய விளிம்பின் நெடுகக் காகித ஒட்டுநாடாவை ஒட்டினோம். நெம்புதற்கு என் மேசையிற் கிடந்த தடித்த பிளாஸ்டிக் அடிமட்டத்தை எடுத்து, நுனியிற் பழந்துணி சுற்றினோம். எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளுக்குக் கோடு போட்ட அடிமட்டம் அது. மூலையில் மெல்லச் செருகி, வெளிப்புறமாக இழுத்தபோது ‘டக்’ என்று முதற் கொழுக்கி விட்டது. ஒரு சாண் தள்ளி இரண்டாவது. இவ்வாறு ஒவ்வொன்றாக விட, பட்டி கையில் வந்தது. முழுவதையும் ஒரே இழுவையில் எடுத்துவிடக் கூடாது. பின்னே கம்பி எங்காவது அதனோடு கட்டப்பட்டிருக்கும். நாங்களும் ஓர் அங்குலம் வெளிவந்ததும் நிறுத்தி, ரோச் லைற் அடித்துப் பார்த்தோம்.

மூன்று விகாரங்கள்

காரணம் கண்ணுக்கு நேரே தொங்கிற்று. இடமூலை உணரியிலிருந்து வரும் கம்பிக்கும், பெட்டிக்குச் செல்லும் கம்பிக்கும் நடுவே ஒரு பிளக் உண்டு. அதன் ஆண்பாதியும் பெண்பாதியும் ஒன்றைவிட்டொன்று விலகிக் கிடந்தன. ஒருகாலத்தில் பம்பரைக் கழற்றிப் பூட்டியபோது ‘கிளிக்’ என்ற ஒலி கேட்குமளவுக்கு அது அழுத்தப்படாதிருந்திருக்கலாம். நம் ஒழுங்கைகளின் குழிகளில் வண்டி குலுங்கக் குலுங்கச் சிறிது சிறிதாக நழுவியிருக்கலாம். எவரையும் குறைகூறும் நோக்கம் எனக்கில்லை. பிளக் ஒருநாளிற் கழன்றிருக்க முடியாது என்பது மாத்திரம் திண்ணம். எத்தனை மாதமாக அந்த மூலை பேசாதிருந்ததோ, அத்தனை மாதமும் நான் அதன் மௌனத்தை நம்பியே வண்டி ஓட்டியிருக்கின்றேன்.

மகள் இரு பாதிகளையும் வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினாள். மழைநீர் பட்டு உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஊசி போன்ற முனைகளில் ஒன்று சிறிது வளைந்திருந்தது. பிளக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய சிறு நாக்கு முறிந்துபோயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலபண்டித வகுப்பிலே புணர்ச்சி படிப்பிக்கும்போது, நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்து நன்னூலார் வகுத்த மூன்று விகாரங்களைச் சொல்லுவோம்: தோன்றல், திரிதல், கெடுதல். இங்கே களிம்பு தோன்றியிருந்தது, முனை திரிந்திருந்தது, நாக்குக் கெட்டிருந்தது. மகளுக்குச் சொன்னேன். “அப்ப இயல்பு புணர்ச்சி ஆக்குவம் அப்பா” என்றாள். பண்டிதர் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கலாமோ என்று கேட்டேன். றப்பரையும் பிளாஸ்டிக்கையும் அது கெடுக்குமென்று தடுத்தாள். கடையிலிருந்து மின்னிணைப்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தை வாங்கிவந்திருந்தாள். அதனை விசிறி, பழைய பற்பிரஷினால் மெல்லத் தேய்த்து, மீண்டும் விசிறி, நன்றாக உலரவிட்டோம். வளைந்த முனையை ஊசிமூக்குக் குறட்டினால் ஒரே தடவையில் நிமிர்த்தினாள். பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் உலோகம் களைத்து முறியும். கம்பிகளை விரலால் நெடுகத் தடவி, எங்கேனும் உறை உரிந்திருக்கின்றதா, எலி கடித்திருக்கின்றதா என்று பார்த்தோம். நல்லவேளையாகக் கம்பி முழுமையாக இருந்தது. அறுந்திருந்தால் அதனை ஒட்டீயத்தாற் பற்றவைத்து, சூட்டிற் சுருங்கும் குழாயால் மூட வேண்டியிருக்கும்.

பின்பு இரு பாதிகளையும் நேரே பிடித்து, இறுதிவரை அழுத்தினோம். முறிந்த நாக்கு இனிப் பிடிக்காது. ஆகவே பிளக்கைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டுநாடாவை இறுக்கி, தொங்கிக்கிடந்த கம்பியையும் அருகிலுள்ள சட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். கம்பியின் பாரம் பிளக்கை இழாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பின்வாங்கின் இடதுமூலை

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, திரவம் உலருமட்டும் காத்திருந்தபோதுதான், நான் எழுத வந்த விஷயம் மனத்தில் எழுந்தது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததை என் வயதுடைய வாசகர் மறந்திரார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் பலர் மீண்டனர். பாடசாலைகள் மெல்ல மெல்லத் திறந்தன. அப்போது நான் இளம் ஆசிரியன். பத்தாம் வகுப்பிலே பின்வாங்கின் இடதுமூலையில் ஒரு மாணவன் இருந்தான். பாடம் முடிந்ததும் நான், “விளங்குகிறதா?” என்று கேட்பேன். முன்வாங்குப் பிள்ளைகள் “ஓம் சேர்” என்பர். சிலர் ஐயம் வினவுவர். அவன் ஒன்றும் சொல்வதில்லை. தடை ஒன்றும் இல்லை என்று நான் அடுத்த சூத்திரத்துக்குச் செல்வேன்.

ஆண்டிறுதிப் பரீட்சையில் மற்றைய வினாக்களுக்கு ஓரளவு விடை எழுதியிருந்த அவன், புணர்ச்சி பற்றிய வினாவுக்கு இலக்கத்தை மாத்திரம் எழுதிவிட்டு, கீழே வெறுமையாக விட்டிருந்தான். அவனுடைய தந்தையார் வந்து கேட்டபோது, “இவனுக்கு இலக்கணம் ஏறாது” என்று நான் சொன்னேன். சொன்ன சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அதன்பின் நான் அவனைக் காணவில்லை.

அன்று முற்றத்தில் அமர்ந்து மாதங்களை எண்ணிப் பார்த்தேன். புணர்ச்சியின் அடிப்படைகளை முந்திய வகுப்பில் இறுதித் தவணையிற் கற்பிப்பது வழக்கம். அந்தத் தவணை அவன் எந்தப் பாடசாலையிலும் இருக்கவில்லை. தென்மராட்சியில் எங்கோ ஒரு மரத்தடியில் இருந்திருப்பான். நிலைமொழி எது, வருமொழி எது என்பதே அவனுக்கு ஒருவரும் சொல்லியிராத நிலையில், நான் அதற்கு மேற்பட்ட விதிகளை அடுக்கிக்கொண்டு போயிருக்கின்றேன். பிள்ளை பழுதாகவில்லை, இணைப்புக் கழன்றிருந்தது. அதனைப் பார்ப்பதற்கு நான் பட்டியைக் கழற்றவில்லை. ‘ஏறாது’ என்று முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

என் மகள் ஓர் உணரியைப் பற்றி, கழன்றதா கெட்டதா என்று தெரியாமல் மாற்றக் கூடாது என்றாள். ஒரு பிள்ளையைப் பற்றி அவ்வாறு கேட்க எனக்கு அன்று தோன்றவில்லையே என்பதுதான் என் மனத்தை அறுத்தது.

சோதித்துப் பார்த்தல்

திரவம் உலர்ந்து, பிளக்கும் பூட்டியாயிற்று. பட்டியை மூடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும். மூடிய பின் சோதித்துப் பிழை கண்டால் மீண்டும் கழற்ற நேரும். திறப்பைத் திருப்பிக் கியரைப் போட்டேன். மகள் விரலை வைத்தாள். “துடிக்குது!” என்றாள். நசுங்கிய சைக்கிளை எடுத்து இடமூலைக்கு ஒரு மீற்றர் பின்னே வைத்தாள். மணி ஒலித்தது. நெருக்கினாள், விரைந்து ஒலித்தது. அவ்வொலியைக் கேட்டபோது என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிற்று.

அவள் அதோடு நிறுத்தவில்லை. ஒரு வாளியை வைத்தாள், மணி ஒலித்தது. மெல்லிய இரும்புக் கம்பியை நட்டாள்; ஒலிக்கவில்லை. தலையணை ஒன்றை வைத்தாள்; வெகு அண்மையில் வந்த பின்னரே ஒலித்தது. ஒரு செங்கல்லைத் தரையிற் கிடையாக வைத்தாள், ஒலிக்கவேயில்லை. பிறகு வாளியைப் பம்பரோடு ஒட்ட வைத்தாள், ஒலி தடுமாறிற்று. ஒலியை எழுப்பிய வில்லை, தட்டிய மணிபோலச் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அது அடங்குமுன் திரும்பி வரும் எதிரொலியை அதனாற் கேட்க இயலாது. மென்மையான பொருள் ஒலியை விழுங்கிவிடும். மெல்லியதும் தாழ்ந்ததும் எதிரொலியை நேரே திருப்பா. ஆகவே பழுதின்றி வேலை செய்யும் உணரிக்கும் காணாத இடங்கள் உண்டு.

“இதை நம்பி ஓட்டுறதுக்கில்லை அப்பா. நீங்கள் பாக்கிறதுக்கு இது துணை மட்டும்” என்றாள். நான் பேசாமல் தலையசைத்தேன்.

பட்டியை மேற்கொழுக்கிகளிற் செருகி, உள்ளங்கையால் நெடுகத் தட்டிப் பூட்டினோம். ஆணிகளைப் பூட்டினோம். பேத்தி சிரட்டையிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக எண்ணித் தந்தாள். நான் முறித்ததற்குப் பதிலாகக் கடையில் ஒன்று வாங்கிப் போட்டோம். கைகழுவும்போது அவள் கேட்டாள்: “அம்மப்பா, இனி அது கதைக்குமே?”

“கதைக்கும் பிள்ளை. ஆனால் அம்மப்பா இனி இறங்கிப் போயும் பாப்பன்.”

இப்போது நாள்தோறும் வண்டியில் ஏறுமுன் அதனை ஒருமுறை சுற்றி வருகின்றேன். கோயிலை வலம்வருவது போல் இருக்கின்றதென்று மனைவி நகைக்கின்றாள். பேத்தி வாசற்படியில் நிற்கின்றாளா என்று கண்ணாற் கண்ட பின்னரே திறப்பைத் திருப்புகின்றேன். கல்லூரியிலும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். “விளங்குகிறதா?” என்று மேசையடியில் நின்று கேட்பதை விட்டுவிட்டேன். பின்வாங்கு வரை நடந்து சென்று, இடதுமூலையில் இருப்பவரின் கொப்பியைப் பார்க்கின்றேன். அங்கே பெரும்பாலும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். சேர்த்து வைப்பதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆவதில்லை.

மணி ஒலிக்கவில்லை என்பது வழி தெளிவென்பதற்குச் சான்றாகாது. முப்பது வருடம் கற்பித்த பின் இதனை என் வீட்டு முற்றத்திலே, ஒரு சைக்கிளின் விலைக்குக் கற்றுக்கொண்டேன். அந்த விலையோடு போயிற்றே என்று அந்த நசுங்கிய சைக்கிளை இன்னும் எறியாமல் வைத்திருக்கின்றேன்.